மாப்பிள்ளை அறைக்குத் தைத்த திரைகள்

நான் வேலை பார்த்த திரைத்துணிக் கடை புதுக் கட்டடத்துக்குப் போகிறது. திறப்பு விழாவுக்கு ஒரு மலர் போடுகிறார்களாம். பழைய ஊழியர்கள் ஆளுக்கு ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும், படம் இருந்தால் அரைப் பக்கம் போதும் என்று முதலாளியின் மகன் போனில் சொன்னார். என்னிடம் படம் இல்லை. எனவே நீளமாகத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

இப்போது கடையில் என் வேலையைச் செய்யும் பெண்களுக்கு ‘ஹோம் ஸ்டைலிஸ்ட்’ என்று பெயர். கழுத்தில் அட்டை தொங்குகிறது. வாடிக்கையாளர் வீட்டு ஜன்னலைப் படம் பிடித்து, அதில் என்ன திரை போட்டால் எப்படி இருக்கும் என்று கம்ப்யூட்டரிலேயே காட்டிவிடுகிறார்கள். எனக்கு அந்தக் காலத்தில் அட்டை கிடையாது. நாகப்பட்டினத்திலும் நாகூரிலும் என்னை ‘ஸ்கிரீன் அக்கா’ என்பார்கள். என்னைவிட வயதில் மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

நான் திருவாரூர்ப் பக்கம் வாழ்க்கைப்பட்டவள். கணவர் குத்தகைக்கு நிலம் எடுத்துச் சாகுபடி செய்துகொண்டிருந்தார். ஆற்றில் தண்ணீர் வராமல் குறுவை போன வருடங்களில் ஒன்றில், தையல் தெரிந்த பெண் வேண்டும் என்று கடையில் கேட்பதாகக் கேள்விப்பட்டு வந்தேன். ஒரு வருடம் பின்கட்டில் மெஷினில் உட்கார்ந்து தலையணை உறை தைத்தேன். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. தலையணை உறைக்கு நான்கு பக்கம், அவ்வளவுதான்.

பிறகு முதலாளி என்னை வெளிவேலைக்கு மாற்றினார். அப்போது வளைகுடாப் பணத்திலும் சிங்கப்பூர்ப் பணத்திலும் ஊரெங்கும் புது வீடுகள் எழும்பிக்கொண்டிருந்தன. வீடுகளில் ஜன்னல்கள் நிறைய. ஆண்கள் எல்லாரும் வெளிநாட்டில். பெண்கள் மட்டும் இருக்கும் வீட்டுக்குள் அளவெடுக்க ஆண்களை அனுப்ப முடியாது. முதலாளி நாகூர்க்காரர், அவருக்கு இது தெரியும். அதனால்தான் என்னை அனுப்பினார். திறமையைப் பார்த்து அனுப்பினார் என்று எழுத ஆசைதான்.

முதலாளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் யாரையும் திட்டிப் பார்த்ததில்லை. கடைப் பையனையும் ‘வாங்க’ என்பார். தவறு செய்துவிட்டு எதிரே போய் நின்றால், நாம் சொல்வதை முழுக்கக் கேட்டுவிட்டு “அப்படியா” என்பார். அடுத்து என்ன சொல்வார் என்று காத்திருப்போம். ஒன்றும் சொல்ல மாட்டார். நாமே போய்த் தையலைப் பிரித்துத் திரும்பத் தைப்போம்.

முதல் நாள் என்னை அனுப்பும்போது என் புடவையைப் பார்த்தார். பெரிய பெரிய பூப் போட்ட புடவை.

“வேணி, நாளையிலேருந்து ஒரே கலர்ல கட்டிட்டு வாங்க.”

“ஏன் முதலாளி?”

“நீங்க துணியை விரிச்சுப் பிடிச்சுக் காட்டும்போது பின்னாடி உங்க புடவையும் சேந்து தெரியும். அவங்க எதப் பாக்குறது?”

அன்றிலிருந்து ஓய்வு பெறும்வரை சாம்பல், மண் நிறம், வெள்ளை என்றுதான் கட்டினேன். உறவினர்கள் எனக்கு ஏதோ வேண்டுதல் என்று நினைத்தார்கள்.

வீட்டுக்குள் போனால் என்ன செய்ய வேண்டும் என்பதற்கும் அவரிடம் முறை இருந்தது. கொடுக்கிற டீயைக் குடித்து முடிக்கும்வரை துணியைப் பற்றிப் பேசக் கூடாது. குடிக்கும்போது வெயில் எந்த ஜன்னல் வழியாக வருகிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பகலில் தூங்குகிறவர்கள் யார் என்று கேட்க வேண்டும். அளவு எடுப்பது ஜன்னலை அல்ல, சுவரை. அந்த அகலத்தைப்போல் இரண்டு மடங்கு துணி எடுத்தால்தான் சுருக்கு விழும். கஞ்சத்தனம் செய்தால் திரை வேட்டி மாதிரி தொங்கும். கடற்காற்று அடிக்கிற ஊரில் இரும்பு வளையம் போடக் கூடாது, துரு இறங்கித் துணியில் கறை விழும். பொங்கலுக்கு வெள்ளையடிப்பதற்கு முன்பே பழைய திரையைக் கழற்றிவிட வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் யார் எவ்வளவு கெஞ்சினாலும் வெல்வெட் கூடாது.

இதற்கெல்லாம் கட்டுப்படாத வீடுகளும் உண்டு. கீழ்வேளூர்ப் பக்கம் ஒரு மிராசுதார் வீடு. மகன் சிங்கப்பூரிலிருந்து பணம் அனுப்பிப் பெரிய டைனிங் டேபிள் வாங்க வைத்தார். பொங்கலுக்கு அவர் வரும்போது அது ஓட்டலில் இருப்பதுபோல் இருக்க வேண்டுமாம். மேல்விரிப்பு, ஆளுக்கொரு துண்டு, நடுவில் பூச்சாடி என்று ஒரு நாள் முழுக்க இருந்து அமைத்துக் கொடுத்தேன். மகன் சிங்கப்பூர் திரும்பிய பிறகு ஒரு தலையணை உறை மாற்றப் போனேன். டேபிளின் மேல் விதைநெல் காய்ந்துகொண்டிருந்தது. பெரியவர் அதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து இலையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். “எலி ஏற முடியல பாருங்க, நல்ல சாமான்” என்றார்.

ஆனால் நான் எழுத நினைத்தது ஜெய்னம்பு லாத்தா வீட்டைப் பற்றி. முஸ்லிம் வீடுகளில் அக்காவை லாத்தா என்பார்கள்.

நாகூரில் இந்தத் தெருவில் ஆரம்பித்து அடுத்த தெருவில் முடியும் நீளமான வீடு. லாத்தாவுக்கு ஒரே பெண், பல்கீஸ். அந்தக் குடும்பங்களில் கல்யாணம் ஆனால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து வாழ்வார். அதனால் பெண்ணுக்கு நகை செய்வதைப்போல மாப்பிள்ளைக்கு ஓர் அறை செய்வார்கள். லாத்தா யார் வீட்டுக் கல்யாணத்திலோ எடுத்த வீடியோவில் ஒரு துபாய் வீட்டைப் பார்த்திருந்தார். ரோஸ் நிற வெல்வெட், தங்கக் குஞ்சம், கட்டிலுக்கு மேல் வலைக் கூடாரம், அலமாரியில் வரிசையாக அத்தர்ப் பாட்டில்கள். அப்படியே வேண்டும் என்றார். வெல்வெட் இந்த ஊருக்கு ஆகாது என்று சொன்னேன்.

“மாப்பிள்ளை சவுதில இருக்காரும்மா. அவருக்கு ஆகும்” என்றார்.

போட்டோம். மாப்பிள்ளையின் பெயர் ஹபீப். கல்யாணத்துக்கு நான்கைந்து நாள் இருக்கும்போது, அவருக்கு மாற்றாக வர வேண்டிய ஆள் வரவில்லை, கம்பெனி பாஸ்போர்ட்டைத் தர மறுக்கிறது என்று செய்தி வந்தது. பத்திரிகை கொடுத்தாகிவிட்டது. பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். மாப்பிள்ளை போனில் தன் அண்ணனைப் பிரதிநிதியாக (அதற்கு ‘வக்கீல்’ என்று பெயர்) நியமிப்பார், அண்ணன் அவர் சார்பில் நிக்காஹை ஏற்பார் என்று முடிவானது.

எனக்கு வந்த சிக்கல் வேறு. ஆண்கள் பந்தலில் மாப்பிள்ளைக்கென்று மேடையும் நாற்காலியும் போட்டிருந்தோம். அந்த இடத்தில் இப்போது போனை வைக்க வேண்டும். வெறும் ஸ்டூலில் வைத்தால் நன்றாக இருக்காது என்று லாத்தா சொல்லி அனுப்பினார். போனுக்கு ஒரு மேஜை அலங்கரித்துக் கொடுத்த ஆள், எனக்குத் தெரிந்து இந்த மாவட்டத்தில் நான் ஒருத்திதான். சாட்டின் துணி விரித்து, ஓரத்தில் ஜரிகை மடித்து, சுற்றி மல்லிகைச் சரம் விட்டேன். சோதித்துப் பார்க்க ஒருவர் ரிசீவரை எடுத்தார். போன் சாட்டினில் வழுக்கிக்கொண்டு அவரோடு கிளம்பியது. அவசரமாக அடியில் ஒரு முரட்டுத் துண்டை மடித்து வைத்தேன். போன் அசையவில்லை.

நாங்கள் பெண்கள் எல்லாரும் நான் தைத்த திரைக்குப் பின்னால் நின்று பார்த்தோம். பந்தல் நிறைய ஆண்கள் ஒரு போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மணி அடித்ததும் எல்லாரும் சற்று நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். நிக்காஹ் நடத்திவைக்க வந்த ஹஜ்ரத் ரிசீவரை எடுத்து, சத்தமாக, “உங்க நானாவை வக்கீலா நியமிக்கிறீங்களா?” என்று கேட்டார். லைன் கரகரத்தது. “இன்னொரு தடவை தெளிவாச் சொல்லுங்க தம்பி” என்றார். அந்தப் பக்கம் கத்தியிருக்க வேண்டும். ரிசீவரைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துத் தலையாட்டினார். நிக்காஹ் முடிந்தது.

பிறகு போனைப் பெண்ணிடம் கொண்டுவந்தார்கள். ஒயர் நிலைப்படி வரைதான் எட்டியது. பல்கீஸ் பட்டுப்புடவையோடு நிலைப்படிக்கு வந்து நின்று வாங்கினாள். சுற்றிலும் எத்தனை பெண்களோ. எல்லார் காதும் போனில்தான். அவள் “ம்” என்றாள். கொஞ்சம் பொறுத்து இன்னொரு “ம்”. அதற்குள் லைன் போய்விட்டது.

அடுத்த மாதம் வருவதாக இருந்தது. அது அதற்கடுத்த மாதமாயிற்று. லாத்தா அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். பல்கீஸ் கூடத்தில் உம்மாவோடு படுத்தாள். நோன்புப் பெருநாளைக்கு மாப்பிள்ளை வருவார் என்று அறையைப் புதுப்பிக்கச் சொன்னார்கள். போய் நீலத்தில் மாற்றினேன். வரவில்லை. ஹஜ்ஜுப் பெருநாளைக்கு அரக்கு நிறம். அப்போதும் வரவில்லை. ஆனால் தெருப் பெண்கள் வந்து அறையைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அந்த வருடம் கல்யாணம் வைத்த வீடுகளிலெல்லாம் ‘ஜெய்னம்பு வீட்டு ரூம் மாதிரி’ என்று கேட்டார்கள். எங்கள் கடையிலேயே அதிகம் பேர் காப்பியடித்த அறை அது. அதில் ஒருவரும் குடியிருக்கவில்லை.

மழைக்காலம் வந்தது. திரும்பவும் வெல்வெட் என்று லாத்தா ஆள் அனுப்பினார். அளவு பார்க்கப் போனபோது லாத்தா சாவியைப் பல்கீஸிடம் கொடுத்துத் திறந்துவிடச் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனார். அறைக்குள் ஈர வாடை. நான் ஸ்டூலில் ஏறி டேப்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

“அக்கா, நான் இந்தக் கட்டில்ல கொஞ்சம் ஒக்காரட்டுமா?”

என்னிடம் ஏன் கேட்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை. “ஒன் கட்டிலும்மா” என்றேன்.

உட்கார்ந்தாள். கையால் மெத்தையை அழுத்திப் பார்த்தாள்.

“எனக்கு இந்த ரூம் வேணும்க்கா.”

“ஒனக்குத்தானே?”

“அவர் வந்தப்புறம் இல்ல. இப்ப. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை போன் பண்றாரு. உம்மா, வாப்பா, பெரியம்மா எல்லாரும் பேசுவாங்க. கடைசில எங்கிட்ட குடுப்பாங்க. கூடத்துல நின்னு கத்திப் பேசணும். நல்லா இருக்கீங்களா, நல்லா இருக்கேன். அவ்ளோதான். அவரு டேப்ரெக்கார்டர் குடுத்துவிட்டிருக்காரு. கேசட்ல பேசி அனுப்புன்னு ஊருக்கு வந்தவங்ககிட்ட சொல்லிவிட்டாரு. எங்க ஒக்காந்து பேசுறது?”

“உம்மாகிட்ட கேட்டியா?”

“புழங்குன ரூமா இருந்தா அவர நாம எதிர்பாத்துட்டு இருக்கலன்னு நெனைச்சுக்குவாராம்.”

இதில் லாத்தாவைக் குறை சொல்ல முடியாது. அந்தத் தெருவில் வரும் மாப்பிள்ளைக்குக் காட்டும் மரியாதை அதுதான். எனக்கு அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்கவும் கஷ்டமாக இருந்தது. வாடிக்கையாளர் லாத்தா. துணி எடுக்கிறவர் அவர். கடைக்கு வந்து முதலாளியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் ஒரு சாம்பிள் துணியை மடித்துக்கொண்டிருந்தார்.

“அப்படியா” என்றார்.

நான் நின்றேன். அவர் மடித்ததைத் திரும்ப விரித்தார்.

“அந்த ரூம் ஜன்னல யாரு தொறக்குறாங்க?”

“யாரும் தொறக்குறதில்ல முதலாளி.”

“பூசணம் புடிச்சிருக்கா?”

“மடிப்புக்குள்ள புடிச்சிருக்கு.”

“குடும்ப விஷயத்துல நாம பேசக் கூடாது. நாம துணிக்காரங்க. துணிக்கு என்ன ஆகும்னு மட்டும் போய்ச் சொல்லுங்க.”

மறுநாள் போய் லாத்தாவிடம் பழைய திரையின் மடிப்பை விரித்துக் காட்டினேன். கரும்புள்ளிகளைப் பார்த்ததும் அவர் வாயில் கைவைத்தார்.

“லாத்தா, பூட்டிப் போட்டா எந்தத் துணி போட்டாலும் இதான். தெனம் ஜன்னலத் தொறக்கணும், காத்து வரணும். ஆள் படுத்து எந்திரிக்கணும். மெத்தையும் அப்படித்தான். இல்லாட்டி மாப்பிள்ளை வர்றப்ப வாடைதான் வரும்.”

நான் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. லாத்தா நெடுநேரம் அந்தப் புள்ளிகளையே பார்த்தார். பிறகு சாவியை எடுத்துப் பல்கீஸின் கையில் வைத்தார்.

“பாத்துப் பொழங்கு” என்றார்.

வெல்வெட் யோசனை போயிற்று, அரக்குத் திரையும் கழன்றது. பல்கீஸ் என்ன வேண்டும் என்று சொல்ல முதலில் தயங்கினாள். அதுவரை யாரும் அவளைக் கேட்டதில்லை. ஜன்னலின் கீழ்ப்பாதிக்கு மட்டும் வெள்ளை மல் துணி, தெருவிலிருந்து பார்த்தால் ஆள் தெரியாது, மேல்பாதி வழியாகக் காற்று வரும். வலைக் கூடாரம் வேண்டாம். கட்டிலுக்குப் பச்சையில் சின்ன வெள்ளைப் பூப் போட்ட கரூர்த் துணி. ஜன்னலோரம் ஒரு சிறிய மேஜை. மேஜை விரிப்பு பற்றி நான் நான்கு யோசனை சொன்னேன். டேப்ரெக்கார்டரும் ஒரு தண்ணீர் டம்ளரும் வைக்க இடம் இருந்தால் போதும் என்றாள்.

அடுத்த முறை போனபோது கதவு சாத்தியிருந்தது. உள்ளே அவள் பேசிக்கொண்டிருந்தாள். லாத்தா கூடத்தில் உட்கார்ந்து, கேட்காத மாதிரி பயறு பொறுக்கிக்கொண்டிருந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்காத மாதிரி பயறு பொறுக்கினேன். உண்மையாகவே ஒன்றும் கேட்கவில்லை, குரல் மட்டும்தான் வந்தது. இடையில் சிரித்தாள். லாத்தா கை நின்றது. பிறகு திரும்பவும் பொறுக்கினார்.

பதில் கேசட்டில் என்ன வந்தது என்று பல்கீஸ் ஒரு முறைதான் சொன்னாள். இவள் பேசும்போது தெருவில் மீன்காரம்மா கூவியது பதிவாகிவிட்டதாம். இவள் அழித்துவிட்டு மறுபடி பேசப் போனாளாம், அதற்குள் கேசட் கொண்டுபோகிறவர் வந்துவிட்டதால் அப்படியே கொடுத்தனுப்பினாளாம். “அந்தக் கொரலை மட்டும் எந்த கேசட்லயும் அழிச்சிடாதேன்னு சொல்லியிருக்காருக்கா” என்றாள். மற்றது எதையும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

கல்யாணமாகி ஒன்றரை வருடத்துக்குப் பிறகு உண்மையாகவே டிக்கெட் எடுத்துவிட்டதாகப் போன் வந்தது. லாத்தா கடைக்குத் தானே நேரில் வந்தார், அப்படி வருகிறவர் அல்ல. ரோஸ் வெல்வெட், குஞ்சம், கூடாரம் எல்லாம் பழையபடி வேண்டும், செலவைப் பார்க்க வேண்டாம் என்றார். டேப்பை எடுத்துக்கொண்டு போனேன். பல்கீஸ் அறை வாசலில் நின்றிருந்தாள்.

“மாத்த வேண்டாம் உம்மா.”

“பைத்தியமா உனக்கு? மாப்பிள்ளை வந்து எறங்குறாரு. இந்த வெள்ளைத் துணியும் மொட்டைக் கட்டிலுமா? ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு.”

“அவருக்கு இந்த ரூம் தெரியும்.”

“எப்படித் தெரியும்? போட்டோ அனுப்பினியா?”

“சொல்லியிருக்கேன்.”

“சொன்னா தெரிஞ்சிருமா?”

“எந்தப் பக்கம் ஜன்னல், எங்க மேஜை, கதவத் தொறந்தா என்ன சத்தம் வரும், காலைல வெயில் எதுவரைக்கும் வரும், எல்லாம் சொல்லியிருக்கேன். இத்தனை மாசம் அதைத்தான் பேசுனோம். இப்ப மாத்திட்டா அவரு வேற யாரோ வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கும் உம்மா.”

 லாத்தா என் பக்கம் திரும்பினார். “நீ என்னம்மா சொல்றே?”

மாற்றலாம் என்றால் கடைக்கு நல்ல வியாபாரம். நான் டேப்பைச் சுருட்டினேன். “மல் துணியத் துவைச்சு இஸ்திரி போட்டாப் போதும் லாத்தா. ரூம்ல கொறை ஒண்ணுமில்ல.”

லாத்தா அறைக்குள் போய்ச் சுற்றிப் பார்த்தார். கட்டிலைத் தொட்டார். மேஜையைத் தொட்டார். வெளியே வந்து, “அப்ப கூடத்துக்குப் போடு” என்றார்.

ரோஸ் வெல்வெட் முழுக்கக் கூடத்துக்குப் போயிற்று. பல்கீஸின் வாப்பா பேப்பர் படிக்கும் ஜன்னலுக்கும் தங்கக் குஞ்சம் வைத்தோம். அவர் பேப்பரோடு வாசலுக்குப் போய்விட்டார்.

ஹபீப் வந்த மறுநாள் லாத்தா கடைக்குப் போன் செய்தார். துணியில் ஏதோ குறை என்று பயந்தேன்.

“வேணி, பொழுது சாஞ்சு வந்தாரு. ரூம் இருட்டா இருந்துச்சு. உள்ள போனாரு, கதவுக்குப் பின்னாடி கையை விட்டு சுவிட்சப் போட்டாரு. சுவிட்ச் அங்க இருக்குன்னு யாரும் சொல்லலம்மா.” பிறகு, “சொந்த வீட்டு ஆளு மாதிரி போட்டாரு” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

விடுமுறை முடியப்போகிற சமயத்தில் இருவரும் கடைக்கு வந்தார்கள். அப்போதுதான் ஹபீபை முதலில் பார்த்தேன். ஒல்லி. கூச்சம். பேச்சில் இன்னும் போனில் பேசுகிற சத்தம் இருந்தது. பல்கீஸ் அவர் முழங்கையைத் தொட்டதும் குரலைத் தணித்துக்கொண்டார்.

“ஒரு ஸ்கிரீன் வேணும்” என்றார்.

“ஜன்னல் என்ன அளவு?”

“ஜன்னல் இல்லீங்க. கட்டிலுக்கு. அங்க ஒரு ரூம்ல எட்டுப் பேரு. ரெண்டு அடுக்குக் கட்டில். எனக்குக் கீழ் அடுக்கு. பக்கத்துல ஒரு பழைய போர்வையத் தொங்க விட்டிருக்கேன். கேசட் கேக்குறதெல்லாம் அதுக்குள்ளதான்.”

கையை விரித்து நீளத்தைக் காட்டினார். உயரத்துக்கு உட்கார்ந்து தலைக்கு மேல் கை வைத்துக் காட்டினார். நான் அளந்து எழுதிக்கொண்டேன். பல்கீஸ் துணி தேடவே இல்லை. தன் கட்டிலுக்கு எடுத்த அதே பச்சைக் கரூர்த் துணியைக் காட்டினாள்.

முதலாளி எழுந்து வந்து துணியைத் திருப்பிப் பார்த்தார். அச்சுத் துணி, முன்பக்கம் பூ பளிச்சென்று இருக்கும், பின்பக்கம் வெளிறியிருக்கும். “வழக்கம்போல நல்ல பக்கம் ரூமைப் பாத்து இருக்கட்டுமா?” என்று கேட்டார்.

ஹபீபுக்குக் கேள்வி புரியவில்லை. பல்கீஸுக்குப் புரிந்தது.

“இல்ல முதலாளி. நல்ல பக்கம் உள்ள. படுத்திருக்கிறவங்களப் பாத்து.”

முதலாளி தலையசைத்தார். அப்படியே தைத்துக் கொடுத்தேன். ஹபீப் அங்கே பல வருடம் இருந்தார். ஒவ்வொரு விடுப்பிலும் பழையது சாயம் போய்விட்டது என்று புதிதாக ஒன்று தைத்துக்கொண்டு போவார். கூட இருந்த ஏழு பேரும் அத்தனை வருடமும் அந்தத் துணியின் வெளிறிய பக்கத்தைத்தான் பார்த்திருப்பார்கள்.